மேல் இமையில் ஒரு கல்

என் நாத்தனார் கண்ணில் கட்டி வந்த சேதி எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. நான் இமை அறுவை டாக்டர். இந்த ஊரில் யாருக்கு இமையில் கட்டி வந்தாலும், இமை சரிந்தாலும், சுற்றி வளைத்து என் மேஜைக்குத்தான் வந்து சேர்வார்கள். ஊரார் இமையெல்லாம் என் கையில்; வீட்டு இமை மட்டும் எனக்குத் தெரியாமல் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி குத்திக்கொண்டு வந்திருக்கிறது. எனக்கு எப்போதுமே கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு அது மூக்கைத் தாண்டிப் போய்விட்டது.

சொன்னது என் வீட்டுக்காரர். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே, "திருப்புளிக்குக் கண்ணுல என்னமோ கட்டியாம். கேன்சரா இருக்கலாம்னு சொல்லிட்டாங்களாம்" என்றார்.

திருப்புளி என்பது தங்கைக்கு அவர் வைத்த பெயர். சின்ன வயதில் வீட்டில் கழற்றக் கூடிய எதையும் அவள் விட்டு வைத்ததில்லை. அப்படி ஒரு பழைய கடிகாரத்தைக் கழற்றும்போது உள்ளிருந்த சுருள்வில் தெறித்து இடது கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். "இடது கண்ணு ஷோகேஸுக்கு, வலது கண்ணு வேலைக்கு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் செல்போன் பழுது பார்க்கும் கடை நடத்துகிறாள்.

"எந்தக் கண்ணு?" என்றேன்.

"வேலைக் கண்ணு."

அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. "எவ்வளவு நாளா?"

"அஞ்சாறு மாசமா இருக்காம்."

"அஞ்சாறு மாசமா! போன வாரம்கூட வீடியோல பேசினாளே. முடியைக் கண்ணு மேல விழற மாதிரி ஒரு பக்கமா விட்டுகிட்டு, புது ஸ்டைல் அண்ணின்னு சொன்னாளே பாவி! நானும் வெட்கமில்லாம நல்லா இருக்குன்னேனே!"

"நீ கத்துவேன்னுதான் அவ சொல்லல" என்றார். அதற்கும் சேர்த்துக் கத்தினேன்.

மறுநாள் காலை அண்ணனும் தங்கையும் என் அறைக்கு வந்தார்கள். வந்தார்கள் என்பதைவிட, அவர் இழுத்துக்கொண்டு வந்தார் என்று சொல்லலாம். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருந்த, பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகையின் பின்பக்கம் தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"உள்ள டியூப் போகப் போகுது அண்ணி. துடிக்குது பாருங்க."

"உன் கண்ணுல இருக்கறத விட்டுட்டு என் டியூபைப் பாக்கறியா? உட்காரு."

"திட்ட மாட்டேன்னு சொன்னாதான் உட்காருவேன்."

"திட்டத்தான் போறேன். உட்கார்ந்துகிட்டே வாங்கிக்க."

உட்கார்ந்தாள். முடியை ஒதுக்கிப் பார்த்தேன். மேல் இமையில், புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவில், பெரிய பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. அதன் மேல் தோல் மெலிந்து நீலமும் சிவப்புமாக இருந்தது. விரலை வைத்தேன். கல். கொழுப்புக் கட்டி இப்படி இருக்காது, நீர்க்கட்டி இப்படி இருக்காது, எண்ணெய்ச் சுரப்பி அடைத்து வரும் சாதாரணக் கட்டியும் இப்படி இருக்காது. தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தபோது அது உருண்டையாகத் தெரியவில்லை. ஜல்லிக்கல் மாதிரி மூலையும் முனையுமாகத் தெரிந்தது. அசைத்தால் தோலோடு சேர்ந்து அசைந்தது. கீழ் ஓரத்தில் மட்டும் எதையோ பிடித்துக்கொண்ட மாதிரி கொஞ்சம் தயங்கியது. இமை முடி ஒன்றுகூட உதிரவில்லை. இமையைப் புரட்டிப் பார்த்தேன். உட்பக்கம் சுத்தமாக இருந்தது.

என் விரல் ஒன்றைச் சொன்னது. அவள் கொண்டு வந்த ரிப்போர்ட் வேறொன்றைச் சொன்னது. ஊசியில் உறிஞ்சி எடுத்த செல்கள் புற்றாக இருக்கலாம் என்று சந்தேகம். அந்த ஆஸ்பத்திரி டாக்டர் அடுத்து என்ன செய்வது என்பதையும் சொல்லி அனுப்பியிருந்தார். கட்டியைச் சுற்றியுள்ள நல்ல இமையையும் சேர்த்து முழு ஆழத்துக்கு வெட்டி எடுக்க வேண்டும். அந்த இடத்தை அடைக்கக் கீழ் இமையின் சதையை மேலே இழுத்துத் தைக்க வேண்டும். அது நன்றாக ஒட்டிப் பிடிக்க ஆறேழு வாரம் ஆகும். அதுவரை கண் தைத்து மூடியபடியே இருக்கும். புற்று என்றால் அது தப்பான வழி இல்லை. நானே பல பேருக்குச் செய்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்கெல்லாம் இன்னொரு கண் இருந்தது.

"பிரிச்சதுக்கப்புறம் இமை சரியா மூடித் திறக்குமான்னு கேட்டேன்" என்றாள் திருப்புளி. "பாக்கலாம்னாரு. பாக்கலாம்னு போயும் போயும் எங்கிட்ட சொல்றாரு பாருங்க!"

அவள் மட்டும் சிரித்தாள். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணி, தைக்காம எடுக்க முடியும்னா எடுங்க. தைச்சுதான் ஆகணும்னா எனக்கு வேண்டாம். கட்டியோடவே இருந்துக்கறேன். ஓடற வரைக்கும் ஓடட்டும்."

"என்ன பேச்சு பேசற? உயிரோட விளையாடறியா?"

"நீங்க இருட்டுல இருந்திருக்கீங்களா? அந்தக் கடிகாரம் தெறிச்சப்ப ரெண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிப் போட்டுட்டாங்க. சின்னப் பிள்ளை நான். எப்ப அவிழ்ப்பாங்கன்னு தெரியாது. பக்கத்துல யாரு இருக்காங்க, யாரு எழுந்து போயிட்டாங்கன்னு தெரியாது. கையை நீட்டினா சில நேரம் ஆள் இருக்கும், சில நேரம் வெறும் கட்டில் இருக்கும். இன்னொரு தடவை என்னால முடியாது அண்ணி. செத்தாலும் முடியாது."

எனக்குத் தொண்டை அடைத்தது. தொண்டை அடைத்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். "இப்படி பயப்படறவ எதுக்குடி முதல்ல எங்கிட்ட வரல? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். "நீ கொஞ்ச நேரம் வெளிய இருண்ணா" என்றாள். அவர் போனார். கதவு சாத்தியதும், விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க கை வச்சு என் கண்ணு போயிடுச்சுன்னு வைங்க. எனக்கு கண்ணு போகும், அவ்வளவுதான். ஆனா அதுக்கப்புறம் நீங்க என் மூஞ்சியில முழிப்பீங்களா? எனக்கு இருக்கறது அண்ணன் வீடு ஒண்ணு. அங்க வாய்க்கு வாய் சண்டை போட நீங்க ஒருத்தர். கண்ணோட சேர்த்து அதையும் தொலைக்கச் சொல்றீங்களா?"

எழுந்து போய்த் தேவையே இல்லாமல் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். குழாயை மூடிவிட்டுத் திரும்பும்போதுதான் கேட்கத் தோன்றியது.

"அந்த ஊசியை எங்க குத்தினாங்க?"

"கட்டியிலதான்."

"கட்டியில எங்கேன்னு கேக்கறேன். நடுவுலயா, ஓரத்துலயா?"

"முதல்ல நடுவுல குத்தினாரு. இறங்கல. ரொம்பக் கெட்டியா இருக்கேன்னுட்டு, ஓரமாக் குத்தி இழுத்தாரு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஈரக் கை சொட்டிக்கொண்டிருந்தது.

முடி முளைக்கும் வேரிலிருந்து கிளம்பும் ஒரு கட்டி உண்டு. இமையில் வருவது அபூர்வம். அதன் ஓரத்தில் இளம் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு பிறந்து பெருகிக்கொண்டே இருக்கும். அவை நடுவே போய்ச் செத்துச் சுண்ணாம்பேறிக் கல்லாகிவிடும். ஓரத்துச் செல்லை மட்டும் தனியாகப் பார்த்தால் புற்று மாதிரியே இருக்கும். இல்லை என்று சாட்சி சொல்வது நடுவில் இருக்கும் செத்த செல்கள்தான். அங்கேதான் ஊசி இறங்கவில்லை. அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ஊசி பிடித்தவர் யாரும் அது இறங்கும் இடத்தில்தான் குத்துவார். நானும் அப்படித்தான் குத்தியிருப்பேன்.

"பைலோமேட்ரிக்சோமா" என்றேன் அவளிடம்.

"ஐயையோ, பேரே ஆளை அடிக்குதே."

"பேர்தான் பயங்கரம். ஆள் சாது. ஓட்டோட உருவி எடுத்துட்டா போயிடும். தைச்சு மூட வேண்டியதில்ல."

"நிஜமா?"

"நிஜமான்னு எனக்கே தெரியல" என்றேன். அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

அதுதான் என்னை உட்கார விடாத விஷயம். நல்லவன் வேஷம் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இமையில் குடியிருக்கும் புற்றுகள் உண்டு. வேறு யாராவது இதே ரிப்போர்ட்டோடு வந்திருந்தால் என் விரலை இவ்வளவு நம்பியிருப்பேனா? என் நாத்தனார் என்பதால்தான் கல் எனக்குக் கல்லாகத் தெரிகிறதோ? நல்லதாக இருக்க வேண்டும் என்று மனசு தவிப்பது விரல் வரைக்கும் போய்விட்டதோ? மாடிப்படியில் ஏறி இறங்கினேன். மருந்துக் கடைப் பையனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பிறகு, ரிப்போர்ட்டோடு அவள் கொண்டு வந்திருந்த, ஊசியில் எடுத்த செல்கள் தடவிய கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டு ஜாடி டாக்டரிடம் போனேன்.

ஜாடி டாக்டர் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் திசு பார்ப்பவர். வெட்டி எடுப்பது எதுவானாலும் ஜாடியில் மிதந்து அவர் அறைக்குத்தான் போகும். சாவகாசமான மனுஷன். கட்டடமே தீப்பிடித்தாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பார். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிர்வேனா என்றார்.

"என்ன சார், ஏதாவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

"நான் பார்த்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன், டாக்டரம்மா. சந்தேகம்னு."

"இது ஓரத்துல எடுத்தது சார். நடுவுல ஊசி இறங்கலையாம்."

"அப்படியா?" மறுபடி குனிந்தார். "நீங்க சொல்றதாவும் இருக்கலாம். அவங்க சொன்னதாவும் இருக்கலாம். ஆபரேஷன் நடக்கறப்பவே கட்டியை அனுப்புங்க, உறைய வச்சு ஒரு துண்டு சீவி உடனே பார்க்கறேன். ஆனா இப்பவே சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க."

எங்கள் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் மேல் கத்தி வைப்பதில்லை என்று ஒரு பழக்கம். எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோரும் மதிப்பார்கள். என் சீனியரிடம் பேசி ஏற்பாடு செய்துவிட்டு வந்து அவளிடம் சொன்னேன். திருப்புளி முடியாது என்று தலையாட்டினாள்.

"அவரு ரிப்போர்ட்டைப் பார்த்து வெட்டுவாரு. நீங்க மட்டும்தான் கட்டியைத் தொட்டுப் பார்த்தீங்க."

"நேத்து எங்கிட்ட வரவே பயந்தேன்ன. இன்னிக்கு நான்தான் வெட்டணும்ங்கற. உன்னை என்னன்னு புரிஞ்சுக்கறது?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் நீங்கதான்."

அதைப் போய்ச் சொன்னதும் சீனியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கை நடுங்கினா உடனே கத்தியைக் கீழ வச்சிடணும். நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றார். சொன்னபடி வந்தும் நின்றார்.

இமை அறுவையில் முழு மயக்கம் கொடுப்பதில்லை. இமையை மட்டும் மரத்துப் போகச் செய்வோம்; ஆள் விழித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். கருவிழிக்கு மேல் பாதுகாப்புக்காக ஒரு கெட்டியான மூடியைப் பொருத்தினேன். அப்போதே அவள் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போய்விட்டது. துணிக்கு அடியிலிருந்து கையை நீட்டித் தடவினாள். தியேட்டர் சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு இது?"

"சிஸ்டர்மா. விட மாட்டேன், பயப்படாதீங்க."

இமை மடிப்பை ஒட்டிக் கீறினேன். கத்தி கையில் வந்ததும் என் பதற்றம் எங்கேயோ போய்விட்டது. தோலை மெதுவாகப் பிரித்துக் கொடுத்தபோது கட்டி தெரிந்தது. மெல்லிய ஓட்டுக்குள் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. ஓடு உடையாமல் சுற்றி வந்தேன். கருவி பட்ட இடத்தில் நறநறவென்றது. என் நெஞ்சு துள்ளியது. இதுதான், இதுதான் என்று சொல்லிக்கொண்டே கீழ் ஓரத்துக்கு வந்தால், அங்கே ஓடு, இமைக்கு விறைப்புக் கொடுக்கும் உள் தட்டோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. விரல் அன்றைக்குத் தயங்கிய அதே இடம். சும்மா ஒட்டியிருக்கிறதா, ஊன்றிப் பாய்ந்திருக்கிறதா? வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தைக் கொஞ்சம் சுரண்டி, கட்டியோடு சேர்த்து எடுத்து ஜாடி டாக்டருக்கு அனுப்பினேன்.

பிறகு காத்திருந்தோம். கையுறை போட்ட கைகளை நெஞ்சுக்கு நேராகக் கோத்துக்கொண்டு நின்றேன். நடக்க முடியாது, உட்கார முடியாது, மூக்கைச் சொறிய முடியாது. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

"அண்ணி, பேச்சையே காணோமே" என்றாள்.

"நீ பேசாம படு."

சுவரில் இருந்த போன் அடித்தது. சிஸ்டர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார். அப்படிப் போட்டிருக்கக் கூடாது. நான் சுதாரிப்பதற்குள் ஜாடி டாக்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"டாக்டரம்மா, கல்லுல பட்டு என் பிளேடு சில்லு சில்லாப் போச்சு. ஓரத்துலதான் ஒரு சீவல் கிடைச்சுது. செல்லெல்லாம் வேக வேகமாப் பிரிஞ்சுகிட்டு இருக்கு. அந்தத் தட்டுல ஒட்டின இடமும் எனக்குப் பிடிக்கல. புற்று இல்லைன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. கல்லை அமிலத்துல ஊற வச்சுக் கரைச்சாதான் நடுவைப் பார்க்க முடியும். சில நாள் ஆகும்."

போன் நின்றது. சீனியர் என்னைப் பார்த்தார். முடிவு என்னுடையது. இப்போதே இமையை முழு ஆழத்துக்கு வெட்டிக் கண்ணைத் தைத்து மூடலாம். அல்லது இத்தோடு நிறுத்திக் காத்திருக்கலாம். புற்றாக இருந்தால் நான் அதை ஓட்டோடு உருவுகிறேன் என்று கிளறி விட்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அதற்குத் தீனி. புற்று இல்லாமல் நான் வெட்டிவிட்டால், ஒரே கண்ணின் நல்ல இமையை நானே நாசமாக்கியவள்.

துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"தைச்சிடுங்க அண்ணி."

"என்னது?"

"எடுத்துட்டுத் தைச்சிடுங்க. நான் இருந்துக்கறேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க தாங்க மாட்டீங்க. எனக்காக நீங்க முழிச்சுகிட்டுக் கிடக்க வேண்டாம்."

செத்தாலும் முடியாது என்றவள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியைக் கீழே வைத்தேன். கை நடுங்கியதால் அல்ல, நடுங்கிவிடும் என்ற பயத்தால்.

"வாயை மூடு. உன் கண்ணை மூடணுமா வேண்டாமான்னு என் மனசு தாங்குமான்னு பார்த்தா முடிவு பண்ணுவாங்க? எனக்கு நல்லது பண்ண நீ யாருடி?" சீனியரைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையை அசைத்தார். "நிறுத்தறேன். இமையைத் தொட மாட்டேன். ரிப்போர்ட் வரட்டும்."

தோலை மட்டும் தைத்தேன். கடைசி முடிச்சுப் போட்டதும் சிஸ்டர் வழக்கப்படி பஞ்சுக் கட்டை எடுத்துக் கண் மேல் வைக்கப் போனார்.

"கட்டாதீங்க சிஸ்டர்! அவளுக்கு அது ஒண்ணுதான் இருக்கு!"

நான் போட்ட சத்தத்தில் அவர் பஞ்சைக் கீழே போட்டுவிட்டார். மூடியை எடுத்ததும் திருப்புளி வீங்கிய இமையைக் கொஞ்சம் தூக்கி என்னைப் பார்த்தாள். "உங்க மாஸ்க் கோணலா இருக்கு" என்றாள்.

அடுத்த நாட்களை எப்படிச் சொல்வது? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நின்றால் நடக்கத் தோன்றும், நடந்தால் உட்காரத் தோன்றும். எங்கள் வீட்டிலேயே இரு என்று எவ்வளவோ சொல்லியும் அவள் தன் கடைக்கும் அதன் மேல் இருக்கும் அறைக்குமே போய்விட்டாள். நான் ஜாடி டாக்டர் அறை வாசலில் தவம் கிடந்தேன்.

"கரைஞ்சுதா சார்?"

"டாக்டரம்மா, நீங்க எட்டி எட்டிப் பார்க்கறதால அது சீக்கிரம் கரையாது."

வீட்டில் பாத்திரம் என் கையில் பட்டாலே சத்தம் போட்டது. வீட்டுக்காரர் என் பின்னாலேயே வந்து நான் திறந்து விட்ட குழாய்களை மூடினார். "கொஞ்சம் உட்காரேன்" என்றார். "உட்கார்ந்தா என்ன, கட்டி நல்லதாயிடுமா?" என்று பாய்ந்தேன். பாவம், அவருக்குத்தான் அவள் கூடப்பிறந்தவள். அதை நினைத்தபோது எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அப்புறமும் கத்தினேன்.

ஒரு மதியம் ஜாடி டாக்டரே கூப்பிட்டார். போனில் "வாங்க" என்று மட்டும் சொன்னார். இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து என்னை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தார்.

"நீங்களே பாருங்க."

பார்த்தேன். ஓரத்தில் அந்தக் கருநீலக் கூட்டம். அதை நகர்த்தி நடுவே போனால், கும்பல் கும்பலாக வெளிறிய செல்கள். ஒவ்வொன்றிலும் உருவத்தின் வெளிக்கோடு மட்டும் இருந்தது. கரு இருந்த இடம் வெறும் ஓட்டை. செத்துப் போன செல்கள். சாட்சிகள். எனக்கு அவற்றைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

"தட்டுல ஒட்டின இடம்?"

"சும்மா வீக்கத்துல ஒட்டினது. பாய்ஞ்சதில்ல. முழுசா வந்துடுச்சு. உங்க கல்லுதான் டாக்டரம்மா, சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கே போன் செய்திருக்கலாம். எதுவும் தோன்றவில்லை. வெள்ளைக் கோட்டோடு அப்படியே தெருவில் இறங்கி நடந்தேன். நடந்தேன் என்று சொல்வது மரியாதைக்கு. ரோட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஓடினேன்.

கடைக் கதவு திறந்து கிடந்தது. திருப்புளி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட வாயெடுத்தவள் நின்றுவிட்டேன். அவள் இரண்டு கண்ணையும் மூடியிருந்தாள். மூடியபடியே ஒரு போனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். விரல் மேஜை ஓரத்தைத் தடவிக்கொண்டு போய் இடுக்கியை எடுத்தது, திரும்பி வந்தது. கழற்றிய திருகாணியை இடது பக்கக் கிண்ணத்தில் போடப் பார்த்தாள். அது வெளியே விழுந்தது. கண்ணைத் திறக்காமலே குனிந்து மேஜை முழுக்கத் துழாவி அதைக் கண்டுபிடித்தாள். நாற்காலிக் காலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அது சுவரோரமாகப் போய்க் குழாயடி, அங்கிருந்து மாடிப்படிக் கைப்பிடி என்று ஓடியது. அன்றைக்கு என்னிடம் தைக்கச் சொல்லிவிட்டு, இத்தனை நாளும் இங்கே வந்து இருட்டில் இருக்கப் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. தொண்டை அடைத்தால் கோபம்தான் வரும் என்று சொன்னேனே, அன்றைக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. சத்தம் கேட்டு அவள் கண்ணைத் திறந்தாள். என் கோட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். குரல் நிதானமாக இருந்தது. "எப்ப தைக்கணும்?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் பேச்சு வராமல் விம்மல்தான் வந்தது. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"அழாதீங்க அண்ணி. உங்க தப்பு ஒண்ணுமில்ல. இந்த ஒரு போனை மட்டும் முடிச்சுக் கொடுத்துடறேன், அவங்க சாயந்திரம் வருவாங்க. அப்புறம் போலாம்." இடுக்கியைக் கீழே வைத்தாள். "தைச்சதுக்கப்புறம் ஒரே ஒரு உதவி பண்ணுங்க. பக்கத்துலயிருந்து எழுந்து போறப்ப, போறேன்னு சொல்லிட்டுப் போங்க. அது போதும்."

"நல்லதுடி" என்றேன். எப்படியோ வந்துவிட்டது. "கட்டி நல்லது. வெறும் கல்லு. முழுசா வந்துடுச்சு. தைக்க வேண்டாம். ஒண்ணும் வேண்டாம்."

அவள் எழுந்து நின்றாள். நாற்காலி கயிற்றோடு கவிழ்ந்தது.

"நல்லதா?"

"நல்லது."

பளாரென்று என் தோளில் ஒரு அடி வைத்தாள். "அதுக்கா மூஞ்சிய இப்படி வச்சுகிட்டு வந்து நின்ன? எனக்கு உசுரே போச்சு! அறிவிருக்கா உனக்கு? டாக்டராம் டாக்டரு!" பேச்சில் 'அண்ணி'யும் போயிருந்தது, 'நீங்க'வும் போயிருந்தது. திட்டிக்கொண்டே வந்தவளுக்குப் பாதியில் குரல் உடைந்தது.

"அழாதடி, தையல் நனையும்" என்றேன். கண்ணீர் பட்டால் தையலுக்கு ஒன்றும் ஆகாது. இருந்தாலும் அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

"நனையட்டும்" என்றாள். தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, வீங்கிய அந்த இமையை விரலால் தூக்கிப் பிடித்து, வலது கண்ணை மூடாமலே அழுதாள்.